புளியும் மஞ்சளும் ரேடியேற்றரும்

நறுவிலிக்குளத்தில் ஒரு மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டார் மட்டும் விசாரிப்பார்கள். அவனுடைய உழவு இயந்திரத்துக்கு உஷ்ணம் ஏறினால் ஊரே திரண்டு வந்து வைத்தியம் சொல்லும். கொவென்றித் தொழிற்சாலையில் 1964 இல் அவதரிக்கத் தொடங்கிய மசி பேர்குசன் 135 வமிசத்தைச் சேர்ந்த என்னுடைய கிழவி, நேற்று ஊசி சிவப்புக்குப் போய், மூடியோரத்தால் ஆவி கக்கி வரம்பருகே நின்றுபோனதிலிருந்து எனக்கு வழங்கப்பட்ட உபதேசங்களுக்கு அளவில்லை. ரேடியேற்றரைச் சுத்தம் செய்யும் முறையை எழுதவே உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்தப் புளி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

"தம்பி, மெசினுக்குப் பழப்புளி கரைச்சு ஊத்தும், படிஞ்ச சுண்ணாம்பெல்லாம் கழண்டு வரும்" என்றார் முதலில் வந்தவர். நம்முடைய கிணற்று வன்னீர் சூடேறியதும் கல்சியம் காபனேற்று குழாய்களில் படிவதும், புளியின் அமிலம் அதை அரிப்பதும் ரசாயன சாஸ்திரத்துக்கு உடன்பாடான சங்கதிகளாதலால் வாளாவிருந்தேன். அடுத்தவரோ, அமிலம் பித்தளையைத் தின்றுவிடுமே என்று பரிதவித்து, பரிகாரமாக அப்பச்சோடாவைக் கொட்டினார். அமிலமும் காரமும் தமக்குள் சமாதானமாகி நுரையாய்ப் பொங்கி வழிந்தனவேயன்றி, சுண்ணாம்பு இருந்த இடத்திலேயே சௌக்கியமாயிருந்தது. ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போட்டார் இன்னொருவர். தூள் ஊறிப் பருத்து ஓட்டையை அடைப்பது மெய்தான், ஆனால் ஓட்டை எது, ஒழுங்கான குழாய் எது என்று பேதம் காணும் விவேகம் மஞ்சளுக்கு ஏது? வெளியே கசிந்த இடத்தில் ஒருவர் சவர்க்காரத்தை அப்பினார். உப்புப் போடும்படி மட்டும் ஒருவரும் வற்புறுத்தவில்லை. அதை நம்முடைய கிணறுகளே போதிய அளவு போட்டு அனுப்பிவிடுகின்றன.

இத்தனைக்கும் மேலாக ஒரு மேதாவி, தேமோஸ்ரற்றைக் கழற்றி வாய்க்காலில் எறியச் சொன்னார். எஞ்சின் நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸை எட்டும்வரை வாயை மூடியிருந்து, பின்னரே திறந்து அதை ரேடியேற்றருக்கு அனுப்புகிற அந்தச் சிறு உறுப்பு, வேண்டிய நேரம்வரை வாய்மூடியிருக்கத் தெரிந்த ஒரே ஜீவனாக அந்த வரம்பில் இருந்தமையாற்றான் அவருக்கு அதன்மேல் அத்தனை துவேஷம் போலும்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்கலாகாது. சூடடித்த காலத்துப் பதரும் கூளமும் செருகிக்கிடக்கும் தகடுகளை, விசிறிப் பக்கமிருந்து முன்புறமாக நீர் பீய்ச்சிக் கழுவவேண்டும். அப்பால் உள்ளே ஊற்ற மழைநீர் சேர்க்கவேண்டும்; அதற்கு மழை வேண்டும், ஒரு வாளியும் வேண்டும். என்னுடைய வாளியைப் புளி கரைத்தவர் கொண்டுபோய்விட்டார். அதில் இப்போது அவருடைய மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறுகிறதாம்.