கொட்டியாரக் குடாவில் பச்சைக் கணக்கு

கிண்ணியா வாசகர்: ஐயா, கடலில் மிதக்கும் நுண்பாசிகளான தாவரப் பிளாந்தனுக்குக் குளிர்ந்த கடல்தான் உகந்தது என்கிறார்கள். நம் கடலோ வெதுவெதுப்பு. இங்கே அதற்கு என்ன வேலை?

அது தேடுவது குளிரை அல்ல, குளிர்நீரில் கிடக்கும் உரத்தை. ஐரோப்பாவின் வடகடலில் மாரிப் புயல் அடிநீரைக் கலக்கி விடும். வசந்த வெயில் பட்டதும் கடல் பச்சை பூக்கும். நமக்கு அந்த வேலையைச் சோளகம் செய்கிறது. மே பிற்பாதியிலிருந்து செப்ரெம்பர் வரை இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் காற்றின் சுழற்சி கீழ்நீரை மேலே இழுக்கும். 1998இல் கடலியலாளர்கள் வினயச்சந்திரனும் யமகாட்டாவும் இதை ஆராய்ந்து ‘இலங்கைக் குவிமாடம்’ என்றார்கள். 2016 ஜூன், ஜூலையில் ‘சிந்து சாதனா’ என்ற இந்திய ஆய்வுக் கப்பல் தென் வங்கக் கடலுக்கே போய் அளந்தது. கன்னியாவில் வெந்நீர் தானாக ஊறும். குளிர்நீருக்குத்தான் காற்றின் தயவு வேண்டும்.

சல்லி மீனவர்: அப்போ வாடைக் காலத்தில் கடல் பட்டினியா?

இல்லை. மகாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவில் விழும் காலம் அது. உரமும் வரும், சேறும் வரும். உரம் வளர்க்கும், சேறு வெளிச்சத்தை மறைக்கும். எது வெல்லும் என்று கரையில் நின்று பந்தயம் கட்டாதீர்கள். எண்ணிப் பார்க்க வேண்டும்.

உப்புவெளி மாணவி: கண்ணுக்கே தெரியாததை எப்படி எண்ணுவது?

பொறுமையாக. போத்தலில் கடல்நீர் எடுங்கள். வெளிறிய பிளேன்ரீ நிறம் வரும்வரை லூகோல் அயடீன் விடுங்கள். ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் உயிர்கள் அடியில் படியும். மேல்நீரை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சத்தில் 1 மில்லிலீற்றரை செட்விக்-ராஃப்டர் கண்ணாடியில் இடுங்கள். அதில் 1000 கட்டங்கள். நுண்நோக்கியில் கட்டம் கட்டமாகப் போனால் முள் நீட்டிய சங்கிலியாகக் கீட்டோசெரோஸ் வரும். அது சிலிக்காச் சுவர் கட்டிய டயட்டம். அதைக் கண்டபின் கழுத்துவலி மறந்துபோகும்.

பிளாந்தன் வலையை மட்டும் நம்பாதீர்கள். 20 மைக்ரோன் கண்ணில் சின்னதெல்லாம் நழுவிவிடும். பெரிய மீனைப் பிடித்துவிட்டுக் கடலையே பிடித்ததாகச் சொல்லும் கதை இங்கேயும் உண்டு.

நிலாவெளி வாசகர்: செயற்கைக்கோள் வானத்திலிருந்தே பார்க்கிறதே, இந்தப் பாடு எதற்கு?

1997 முதல் சீவிஃப்ஸும் அதன் பின்வந்தவையும் கடலின் நிறத்தைப் பார்த்துப் பச்சையத்தை மதிப்பிட்டன. எவ்வளவு என்று சொல்லும்; எவர் என்று பெரும்பாலும் சொல்லாது. நஞ்சுள்ளதும் பச்சை, மீனுக்கு உணவாவதும் பச்சை. போதாததற்குக் கடல் பூக்கும் பருவத்தில்தான் மேகமும் மூடும்.

மூதூர் வாசகர்: உலக ஒட்சிசனில் பாதி கடல் தருகிறதாமே?

உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி. ஆனால் அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடல் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. மேடைப் பேச்சாளர்களே, வரவைச் சொன்னால் செலவையும் சொல்லுங்கள்.

திருகோணமலை வாசகர்: இரவில் வள்ளம் போன வழியெல்லாம் நீல ஒளி. பேயா?

நொக்டிலூக்காவாக இருக்கலாம். 2019 ஓகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் மின்னியது. டயட்டங்களைத் தின்னும் ஒற்றைக்கல உயிர் அது. மந்திரவாதியை விட்டுவிட்டு விஞ்ஞான ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

குச்சவெளி வாசகர்: கோணேசர் மலையிலிருந்து நீலத்திமிங்கிலம் பார்த்தேன். இங்கே என்ன கிடைக்கிறது அதற்கு?

துறைமுக வாயிலுக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழ்கடல் பிராணி கரைக்கு அருகில் வர அதுதான் வழி. 1980களில் ‘ரியூலிப்’ என்ற சிறு பாய்க்கப்பல் குழு இங்கே திமிங்கிலங்களை ஆராய்ந்தது. இலங்கைக் கடலில் நீலத்திமிங்கிலம் சின்ன இறாலினங்களைத் தின்கிறது. அந்த இறாலின் உணவுச் சங்கிலியைப் பிடித்துக் கீழே இறங்கினால் கடைசியில் நிற்பது நாம் எண்ணும் இந்தப் பச்சைதான்.

துறைமுக ஊழியர்: நெடுங்காலம் எண்ணியவர்கள் எவராவது உண்டா?

உண்டு. கடலுயிரியலாளர் அலிஸ்ரர் ஹார்டியின் பிளாந்தன் பதிவுப் பெட்டியை 1931 முதல் வடகடலில் சரக்குக் கப்பல்களே இழுத்துச் செல்கின்றன. உள்ளே பட்டுத் துணி சுருளும். வழியில் பட்ட உயிரெல்லாம் அதில் ஒட்டும். தலைமுறைக் கணக்கு அப்படிச் சேர்ந்தது. நம் துறைமுகத்துக்குக் கப்பல் வராமலா இருக்கிறது?

பள்ளி ஆசிரியை: எங்களிடம் நல்ல நுண்நோக்கிகூட இல்லை, ஐயா.

வெள்ளைத் தட்டு இருக்கிறதா? 1865இல் வத்திக்கான் வானியலாளர் செக்கி மத்தியதரைக் கடலில் இறக்கியது அதைத்தான். 30 சென்ரிமீற்றர் அகலத் தட்டில் எடை கட்டி, கயிற்றில் அளவு குறித்து, ஆழமான இறங்குதுறையிலிருந்து நிழற்பக்கமாக இறக்குங்கள். மறையும் ஆழம், மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. பச்சை கூடினால் ஆழம் குறையும். சேறு வந்தாலும் குறையும். அதனால் கூடவே ஒரு போத்தல் நீரும் எடுத்து அயடீன் விட்டு வையுங்கள். நுண்நோக்கி உள்ள பள்ளி எண்ணித் தரட்டும்.

வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். இந்தச் சனிக்கிழமையே கொப்பியில் முதல் வரியை எழுதுங்கள், ரீச்சர்.