சித்தப்பாவின் சோபா

பெப்ரவரி பிறந்தால் கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டுகிறதோ இல்லையோ, ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு பற்றிய உபதேசம் கொட்டும். வருஷம் முடிந்து 60 நாளுக்குள் காசைப் போட்டால் போன வருஷ வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அதனால் கலியாணவீடு, செத்தவீடு எங்கே போனாலும் "போட்டாச்சே?" என்று கேட்பார்கள். ஊருக்குப் புதியவர்கள் தடுப்பூசி என்று நினைத்துச் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. சித்தப்பா ஆர்.ஆர்.எஸ்.பி.; 1957இல் தொடங்கிய பழம்பெரும் கட்சி. போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. மச்சான் 2009இல் வந்த ரி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் கட்சி. அதில் வரி கட்டி மிஞ்சியதைத்தான் போடவேண்டும். ஆனால் எவ்வளவு வளர்ந்தாலும் எடுக்கும்போது ஒரு சதம் கேட்கமாட்டார்கள்.

உழைத்த 1,000 டொலருக்கு 30 வீத வரி என்று வையுங்கள். சித்தப்பா 1,000 போடுகிறார். அது இரட்டித்து 2,000 ஆகி, வரி போக 1,400. மச்சான் வரி போக 700 போடுகிறான். இரட்டித்து அதே 1,400. வரி வீதம் மாறாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். இதை நான் சொன்ன அன்றுதான் இரு கட்சியும் முதல்முறையாகக் கூட்டணி வைத்தன, எனக்கு எதிராக.

"வயசு போனா என்ன வருமானம் தம்பி? அப்ப வரி குறைஞ்சிடும், நான் வெண்டிடுவன்" என்பார் சித்தப்பா. நியாயமான பேச்சு. ஆனால் 1,000 போட்டதற்குத் திரும்பி வரும் 300 ரீஃபண்ட் இருக்கிறதே, அது பின்னால் கட்டவேண்டிய வரிக்கு முன்பணம். அதையும் சேமித்தால்தான் மேலே சொன்ன கணக்கு சரிவரும். சித்தப்பா வீட்டில் அதற்குப் பெயர் 'கவர்மெண்ட் தந்த காசு'. ஒரு வருஷம் பெரிய டிவியானது, மறுவருஷம் தோல் சோபாவானது. 71 வயதாகும் வருஷக் கடைசிக்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை மூடியாக வேண்டும். பெரும்பாலோர் அதை ஆர்.ஆர்.ஐ.எஃப். என்கிற ஓய்வுகால வருமான நிதியாக மாற்றி, வருஷாவருஷம் எடுத்து வரி கட்டுவார்கள். சோபாவை எதுவாகவும் மாற்ற முடியாது.

மச்சான் மட்டும் சுத்தமா? 2025க்கு உரிய 7,000 டொலரையும் ஜனவரியிலேயே போட்டு வரம்பை நிரப்பியவன், கோடையில் வான் திருத்த எடுத்தான், ஐப்பசியில் பெருமையோடு திருப்பிப் போட்டான். எடுத்த இடம் அடுத்த ஜனவரி முதலாம் திகதிதான் திரும்பி வரும். அதுவரை கூடுதலாகக் கிடந்த காசுக்கு மாதம் 1 வீத அபராதம். வரியில்லாக் கணக்குக்கு வரி கட்டிய வீரன் என்று இப்போது அவனுக்குப் பெயர்.

இருவரும் விட்டுவிடுவது மாமியைத்தான். துப்புரவு வேலை, குறைந்த சம்பளம். அவ மாதிரி ஆட்களுக்கு 65க்குப் பிறகு ஜி.ஐ.எஸ். என்கிற அரசு உதவிப்பணம் கிடைக்கும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் எடுப்பது வருமானமாக எண்ணப்படும்; டொலருக்கு 50 சதம் அளவில் அந்த உதவியை அது கடிக்கும். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுத்தால் கடிக்காது. சித்தப்பா கொடுத்த ஆர்.ஆர்.எஸ்.பி. நோட்டீஸை மடித்துவைத்துவிட்டு மாமி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா:

"எடுக்கேக்க ஆரும் கேப்பினமே?"

"ரி.எஃப்.எஸ்.ஏ.யில கேக்க மாட்டினம் மாமி."

"அப்ப அதில போடு. உன்ர சித்தப்பாட்டச் சொல்லாத."