கறிக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை

தமிழர் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் கட்டாயம் சொற்பிறப்பு ஆராய்ச்சியாளராக இருப்பார். ஒன்றுதான் ‘ஒன்’ ஆயிற்று, எட்டுதான் ‘எய்ட்’ ஆயிற்று என்று, காபி ஆறுவதற்குள் ஆங்கில அகராதியில் பாதியை நம் பெயருக்குப் பட்டா போட்டுவிடுவார். அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி முகஜாடை. ஆங்கிலத்திலோ எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிற சொற்களே பல நேரம் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை.

‘கர்ரி’யை எடுத்துக்கொள்வோம். சாப்பிடுகிற கர்ரி நம் கறிதான். சங்கப் பாடல்களில் மிளகுக்கே அந்தப் பெயர். ஆனால், காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்கிறார்களே, அந்தக் கர்ரியில் மிளகும் இல்லை, மஞ்சளும் இல்லை. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினை: தோலைப் பதப்படுத்துவது, குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஒரு நையாண்டிக் காவியத்தில் ஃபோவெல் என்றொரு குதிரை வருகிறது. முகஸ்துதி, பேராசை, பொறாமை முதலான கெட்ட குணங்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரபுக்களும் பாதிரிமார்களும் க்யூவில் நின்று அந்தக் குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். பின்னாளில் குதிரையை மறந்துபோன ஆங்கிலேயர்கள், ‘ஃபவெல்’ என்று தங்கள் வாயில் வழங்கிய பெயரை ‘ஃபேவர்’ ஆக்கிக்கொண்டார்கள். நாம் மட்டும் என்ன, காக்காய் பிடிப்பதே ‘கால் கை பிடிப்பது’தான் என்று சாதிக்கவில்லையா?

காம்பவுண்டு சுவரும் காம்பவுண்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் தெரிகிறார்கள். மருந்து கலக்கிக் கொடுத்த காம்பவுண்டர் லத்தீன் வம்சம். சுவர், ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து கப்பலேறி வந்தது என்பதே வலுவான கருத்து.

இந்திய பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும்: இவரை ‘லெட்’ இல்லாமல் போக விடுங்கள். லெட் என்றால் அனுமதி என்று படித்தவர்கள், அனுமதி இல்லாமலா போகச் சொல்கிறார்கள் என்று குழம்பலாம். பழைய ஆங்கிலத்தில் ‘லேட்டன்’ என்றால் விடு, ‘லெட்டன்’ என்றால் தடு. வால் உதிர்ந்ததும் இரண்டும் லெட் ஆகிவிட்டன. டென்னிஸில் சர்வ் போட்ட பந்து வலையை உரசினால் ‘லெட்’ என்று கத்துவது தடுக்கிற லெட்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். இந்த இரண்டு லெட்டுக்கும் எள்ளுத்தாத்தா ஒருவரே என்கிறார்களே, அப்படியானால் ஜாடை பொய்யில்லையே? உண்மைதான், பங்காளிகள்தான். ஆனால் அதை யாரும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. பழைய வடிவங்களைப் படிப்படியாகத் தோண்டிப் போய்க் கண்டார்கள். தடுக்கிற லெட்டுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம், தாமதத்தைச் சொல்லும் ‘லேட்’. ஒருவரைத் தடுத்தால் லேட்டாகத்தானே போவார்!

அதே மாதிரி ஒன்றையும் எட்டையும் தோண்டிப் பார்ப்போம். ஆங்கில ‘ஒன்’ முன்பு ‘ஆன்’ என்று ஒலித்தது. ‘அலோன்’, ‘ஒன்லி’ என்ற சொற்களுக்குள் இன்னும் அந்தப் பழைய ஒன் உட்கார்ந்திருக்கிறது. இன்று நாம் கேட்கிற உச்சரிப்பு ரொம்பப் பிந்தியது. ‘எய்ட்’ பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘எஅஹ்ட’. லத்தீன் ‘ஒக்டோ’வுக்கு உறவு. நம் எட்டுக்கு வேர் ‘எண்’, எண்பதில் அது அப்படியே இருக்கிறது. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றனவே தவிர, நெருங்கவில்லை.

தமிழ் எதையும் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனதற்கும், சுருட்டு ‘செரூட்’ ஆனதற்கும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆனதற்கும் ரசீது இருக்கிறது. எட்டுக்கு இல்லை.