கூட்டத்தில் குரல் தொலையாமல் இருக்க

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைக் கரையிலிருந்தே நேர்முக வர்ணனை செய்ய எங்கள் வானொலிக்கு ஆசை. கையில் 5ஜி போன் இருக்கிறது. போதாதா? (மதுரை வாசகர்)

பதில்: முந்தின மாதம் என்றால் போதும். சித்ரா பௌர்ணமி விடியலில் வைகைக் கரையில் லட்சக்கணக்கானோர் நிற்பார்கள். ஆளுக்கொரு வீடியோ அனுப்புவார்கள். போன் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் ஒன்றும் மேலே ஏறாது. அந்தக் கோடுகள் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும். உங்களுக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று சொல்லாது.

இத்தனைக்கும் வர்ணனைக்குப் பெரிய வேகம் தேவையே இல்லை. ஒலியைச் சுருக்கி அனுப்பும், 2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் கோடெக்கில் விநாடிக்கு 64 கிலோபிட் கொடுத்தால் ஒற்றைக் குரல் தெளிவாகப் போகும். ஒலியைத் துண்டுதுண்டாகச் சுமக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரிச் சுமையைச் சேர்த்தாலும் மணிக்கு 36 எம்பி அளவுதான் ஆகும். வேண்டியது அறுபடாத ஓட்டம். பாக்கெட் ஒன்று தொலைந்தால் 20 மில்லிவிநாடிப் பேச்சு போயிற்று. அதைக் காது கண்டுகொள்ளாது. வரிசையாகத் தொலைந்தால், அழகர் இறங்கினாரா இல்லையா என்பதே நேயருக்குத் தெரியாது.

ஆகவே முதல் வழி கேபிள். பக்கத்துக் கடையிலோ மண்டகப்படியிலோ ஃபைபர் இணைப்பு இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். லேன் வயரிலேயே இணையுங்கள்; அத்தனை போன்களுக்கு நடுவே வைஃபையும் திணறும். இரண்டாவது வழி சிம். மூன்றாவது சாதாரணத் தொலைபேசி அழைப்பு. மூன்றும் தயாராக இருக்கும்போதுதான் மைக்கைத் திறக்கலாம்.

கேள்வி: இரண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறேன். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: பாதித் தூக்கம் தூங்கலாம். கம்பெனி இரண்டானாலும் கோபுரம் ஒன்றாக இருக்கலாம். இந்தியாவில் கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்வது சாதாரணம். அங்கே மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். காம்ரெக்ஸ், டைலைன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைப் பயன்படுத்தி, ஒன்று தளர்ந்தால் மற்றதில் சமாளிக்கும். அதற்கும் உண்மையிலேயே வெவ்வேறான வழிகள் வேண்டும்.

கேள்வி: எங்கள் வர்ணனையாளருக்கு நேரலையில் மட்டும் நாக்குக் குழறுகிறது. சுக்குக் கஷாயம் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் கோளாறு ஹெட்போனில் இருக்கிறது. ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வரும் ஒலியில் அவருடைய குரலும் கால் விநாடி தாமதமாகச் சேர்ந்து வருகிறது. தன் குரலே பிந்திக் கேட்டால் யாருக்கும் பேச்சுத் தடுமாறும். பெர்னார்ட் லீ என்ற ஆய்வாளர் 1950-லேயே இதை விவரித்திருக்கிறார். மிக்ஸரில் வர்ணனையாளரின் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: தாமதத்தையே ஒழிக்க முடியாதா?

பதில்: ஒழிக்கக் கூடாது! பிந்தி வரும் பாக்கெட்டுகளுக்காகக் காத்திருக்கும் அவகாசம் அது. ஒருவர் மட்டும் பேசும் வர்ணனைக்கு ஒரு விநாடி பஃபர் தாராளமாக வைக்கலாம். ஸ்டூடியோவோடு உரையாடல் என்றால் குறையுங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள்.

கேள்வி: டெலிபோன் ஒலி கேவலமாக இருக்குமே, அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பதில்: பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், ஸ், ஷ் ஒலிகள் மங்கிவிடும். ஆனாலும் சொல் புரியும். மௌனத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இதற்கு ஒரு பழைய உதாரணம்: 1921 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் ஜெர்சி நகரில் டெம்ப்சி, கார்பெண்டியர் குத்துச்சண்டை நடந்தது. களத்தருகே ஆண்ட்ரூ ஒயிட் வர்ணித்தார். அவர் குரல் நேராக வானொலியில் போகவில்லை. ஹோபோக்கனில் இருந்த ஒலிபரப்பி அருகே ஜே. ஓ. ஸ்மித் என்பவர் தொலைபேசியில் அதைக் கேட்டு, மைக்கில் திருப்பிச் சொன்னார். நேயர்கள் கேட்டது ஸ்மித்தின் குரலை. இருந்தும் சண்டை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: செயலி வழியாக நேரலை கொடுக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தால்?

பதில்: மைக் உங்கள் கையைவிட்டுப் போகலாம். போனை விமான நிலையில் வைத்து, வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். வீட்டுக்கு அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆளில்லாத நாளில் ஒத்திகை பார்த்தோம், பிரமாதம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள் எதிர்சேவைக் கூட்டத்தின் நடுவே அரை மணி நேரம் தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள். பாதியில் லேன் வயரைப் பிடுங்குங்கள். சிம் வழி தானாக எடுத்துக்கொள்கிறதா என்று ஸ்டூடியோவில் ஒருவர் காது கொடுத்துக் கேட்கட்டும். பிறகு மின்சாரத்தையும் நிறுத்துங்கள். ரூட்டருக்கு யுபிஎஸ் இல்லாத இணைப்பைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.