தோய்ச்சல் தோற்ற கதை

கேள்வி: பழைய லாரிப் பட்டையில் நானே வீட்டில் கத்தி அடித்தேன். சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினேன். பலாப்பழத்தில் வைத்து அழுத்தியதும் 'டிக்'. ரெண்டு துண்டு! தவறு யார் மேல்? (வாசகர், கீரமங்கலம்)

பதில்: பழத்தின் மேல் பழி போட்டால் உங்கள் ஊரே அடிக்க வரும். பால் ஒட்டாமலிருக்கக் கத்திக்கு எண்ணெய் தடவியிருப்பீர்கள். அந்த எண்ணெயை முன்பே காட்டியிருக்க வேண்டும்!

லாரிப் பட்டைக்குத் தண்ணீர் ரொம்ப முரடு. சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்குங்கள். நிறம் தெரியத்தான் கொல்லுப்பட்டறையை இருட்டாக வைத்திருப்பார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து அல்ல.

இதோடு பாதி வேலைதான் முடிந்தது. இப்போது கத்தி கண்ணாடி மாதிரி, விறைப்பு அதிகம். கேக் அடுப்பில் (வீட்டம்மா அனுமதித்தால்) 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகில் வைக்கோல் நிறம் படர்ந்தால் பதம். நீலம் வந்தால் மிஞ்சிவிட்டது. கத்தி ஒடியாது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும்.

எண்ணெய் டப்பாவுக்கு மூடி கைவசம் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.