சிப்பியைத் திறக்காமல் விற்கும் கனவான்களுக்கு

லண்டன், பாரிஸ், நியூயார்க், சிட்னி முதலிய பட்டணங்களில் வீற்றிருந்து, நிதியியல் முதுகலைப் பட்டத்தை வையகமெங்கும் விநியோகித்துவரும் சேர்க்கைக் குழுவினர் சமூகத்துக்கு, தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட கிழவனொருவன், பி.காம். தேறிய தன் பேத்தியின் பொருட்டு மிக்க பணிவோடு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் முதற்காரியமாகக் கேட்பது, நிதியியலில் மாணவருக்கு ஆர்வம் பிறந்த வரலாற்றை விவரிக்கும் ஒரு கட்டுரை. இவ்விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பஞ்சமில்லை என்று கருதி, நானும் பேத்திக்குச் சில சங்கதிகளை எடுத்துக்கொடுத்தேன். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆக 10 லட்சம் மூலதனம் என்று வகுத்துச் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்ததையும், கொழும்புக்குக் கப்பல் விட்டதையும், அதைக் கண்டு பொறாத பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, முடிவில் பிரயாணிகளை இனாமாக ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுக்கத் துணிந்ததையும், 1908-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியபின் 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டதையும் எழுது என்றேன். போட்டியாளனை ஒழிப்பதற்காக நஷ்டத்துக்கு விற்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகப் போதிக்கும் பாடபுத்தகம் தங்கள் நூல்நிலையத்தில் இருக்குமா என்பது சந்தேகமே. 1921-இல் நாடார் வங்கி என்று தோன்றி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி, இன்றளவும் இதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் ஸ்தாபனத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். அவளோ, “தாத்தா, இதெல்லாம் எழுதினா சீட்டு கிடைக்காது, கன்சல்டன்சில மாதிரி குடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த மாதிரியின் பிரகாரம் அவள் எட்டு வயதில் தந்தையின் மடியில் அமர்ந்து, தொலைக்காட்சியில் பங்குச் சந்தைக் குறியீடு ஏறியிறங்குவதைக் கண்டு மெய்சிலிர்த்திருக்கிறாள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அக்காலத்தில் மெகா சீரியலைத் தவிர வேறொன்றும் ஓடியதில்லை என்று நான் சத்தியப் பிரமாணம் செய்யத் தயார். ஆயினும் பேத்தியின் க்ஷேமத்தை உத்தேசித்து வாய்மூடியிருக்கிறேன்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961-இல்), அன்றன்று கரைசேர்ந்த சிப்பிகளைக் குவித்து, மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்களுக்கு ஒதுக்கி, சர்க்காரின் இரண்டு பங்கை ஆயிரம் இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். ஏலம் கேட்பவன் ஒரு சிப்பியைக்கூடத் திறந்து பார்த்தல் ஆகாது. எடுத்தபின் அவற்றை அழுகவிட்டுக் கழுவி, முத்து அகப்பட்டால் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, நிறையை நிறையாலேயே பெருக்கும் செவ்வுக் கணக்குப் பார்த்து விலை காண்பான். அகப்படாவிட்டால், நாற்றத்தை அனுபவித்த புண்ணியத்தோடு வீடு திரும்புவான். சூதாட்டந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சூதாட்டத்திலும் ஒரு தர்மம் இருந்தது. குளிப்பு தொடங்குமுன்பே கடலடி முத்துப் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து, எண்ணி, கழுவி, கிடைத்த முத்துக்களை அத்தொழிலில் கைதேர்ந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமானம் என்று சர்க்காரே பகிரங்கப்படுத்தியது. வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த அதே வெள்ளைக்காரச் சர்க்கார்தான்! அதற்கிருந்த அளவு வியாபார நாணயத்தையாவது, பட்டத்தைத் திறந்து காட்டாமல் விற்கும் தங்களிடம் எதிர்பார்ப்பது அபசாரமாகாது என்று நம்புகிறேன்.

தரவரிசைகள் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கின்றன, ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை 2011 முதல் வெளியிட்டுவரும் பட்டியலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அடிக்குறிப்புகள் உட்பட வாசித்தேன். படித்து மூன்றாண்டு சென்ற பழைய மாணவர்களின் சம்பளம் அதில் பிரதான ஸ்தானம் வகிக்கிறது. ஆனால் அந்த மாணவர்களுள் ஐந்தில் ஒருவர் பதில் எழுதினாலே ஒரு கல்லூரி பட்டியலில் இடம்பெறத் தகுதி பெற்றுவிடும். பதில் எழுதாதவர்கள் உத்தியோக மிகுதியால் எழுதாதிருந்தார்களா, உத்தியோகமே இல்லாமையால் எழுதாதிருந்தார்களா என்பது பகவானுக்கே வெளிச்சம். எழுதியவர்களின் சம்பளமும் அப்படியே அச்சேறுவதில்லை. வாங்கும் சக்தியைச் சமன்படுத்தும் ஒரு விகிதத்தால் டாலராக்கப்படுகிறது. லண்டனில் படித்துவிட்டு மும்பைக்கே திரும்பி, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கும் பிள்ளையின் சம்பளம், சந்தை மாற்று விகிதத்தில் 25,000 டாலரைத் தாண்டாது. அந்தப் பட்டியலிலோ அது ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகி, காண்போர் கண்ணைப் பறிக்கிறது. எங்கள் முத்து வியாபாரிகளும் பெருக்கிப் பார்த்தவர்களே ஆதலால், பெருக்கலில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு என் வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கேட்கும் வங்கி மானேஜர், மாதத் தவணையை மாத்திரம் அந்தச் சமன்படுத்திய டாலரில் ஏற்க மறுக்கிறார்.

அமெரிக்கக் கனவான்களின் சாமர்த்தியம் வேறு ரகம். அங்கே பாடங்களுக்கு அரசாங்கம் எண் கொடுத்திருக்கிறது. 52.0801 என்பது வெறும் நிதியியல். அதைப் படித்தவர் படிப்பு முடிந்தபின் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். 27.0305 என்பது நிதிக் கணிதம். அது விஞ்ஞானப் படிப்புகளின் வரிசையைச் சேர்ந்ததாகையால் மேலும் 24 மாதம் தங்கலாம். இந்த வித்தியாசம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிது என்பதைக் கல்லூரிகள் கண்டுகொண்ட நாள்முதல், நேற்றுவரை நிதியியலாக இருந்த எத்தனையோ படிப்புகள் பெயரில் கணிதத்தையும் தரவையும் சூட்டிக்கொண்டுவிட்டன. பேத்தியும் இப்பொழுது ஆசிரியர் யார், பாடம் என்ன என்று விசாரிப்பதில்லை. எண்ணைத்தான் முதலில் பார்க்கிறாள். அவளைக் குறைசொல்லி என்ன பயன்?

பிரிட்டனாரோ படிப்பு முடிந்து வேலை தேட இரண்டாண்டு அவகாசம் தந்துவந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகச் சுருங்குகிறது. 2026-இல் சேர்ந்து ஓராண்டில் முடிப்பவர் அந்தக் கத்தரிக்கு நேராகவே போய் நிற்பார். இது போதாதென்று, படிப்புக்கும் ஜீவனத்துக்கும் வேண்டிய தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்கவேண்டும் என்பது விசா விதி. சொந்தத்தில் அவ்வளவு ரொக்கம் இல்லாதவர்கள் மாமனிடமும் சித்தப்பாவிடமும் கைமாற்று வாங்கி ‘பேங்கில் காட்டி’, விசா வந்ததும் வட்டியோடு திருப்பிக்கொடுப்பதை இவ்வூரில் அறியாதவர் இல்லை. பணத்தைச் சும்மா கிடத்தலாகாது என்பதே நிதியியலின் முதற்பாடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் கற்கப் போகிறவளுக்கு முதல் நிபந்தனையே சும்மா கிடத்துவது!

தங்கள் ஏஜெண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்துக்குளிப்பில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்குக் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். அவரில்லாமல் யாரும் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத சர்க்காரும் அவருக்கு வெகுமானம் அளித்துவந்தது. எங்களிடம் காசு கேட்காமல் இலவசமாக ஆலோசனை சொல்லும் கன்சல்டன்சிக்காரர்களுக்கும், சேர்ந்த தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பவர்கள் தாங்கள்தாம். கடல்கட்டியாவது குளிப்பு முடியும்வரை கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவர்களோ, பிள்ளை விமானம் ஏறியதும் போனை எடுப்பதில்லை.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. கடந்த மூன்று ஆண்டுகளில் தங்கள் நிதியியல் வகுப்பில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், அவர்களுள் ஆறு மாதத்துக்குள் அந்நாட்டிலேயே நிதித்துறையில் உத்தியோகம் பெற்றவர் எத்தனை பேர், ஊர் திரும்பியவர் எத்தனை பேர், தபாலுக்குப் பதில் போடாதவர் எத்தனை பேர், சம்பளம் அந்தந்த நாட்டு நாணயத்தில் எவ்வளவு என்பவற்றை ஒரே பக்கத்தில் அச்சிட்டு அனுப்பிவைக்கக் கோருகிறேன். பதில் வந்துசேரவேண்டிய கடைசித் தேதி ஜனவரி 31. தாமதமாக வருபவை பரிசீலிக்கப்படமாட்டா. தங்கள் முறையை அனுசரித்து நானும் பரிசீலனைக் கட்டணம் ஒன்று விதித்திருக்கிறேன். அது எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. பதில் வந்துசேரும்வரை பேத்தியின் விண்ணப்பமும் என் வீட்டுப் பத்திரமும் பீரோவை விட்டு வெளியே வரா.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பேத்தியைப் பெற்ற தாத்தா,
தூத்துக்குடி.