நான்கு மணி நேரப் பாராயணம்

பெல்ஃபாஸ்ட் நகரில் பன்றியிறைச்சி வியாபாரம் செய்து, 1874-இல் கேவன் தொகுதியின் பிரதிநிதியாகப் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்குள் பிரவேசித்த ஜோசப் பிகார் என்னும் ஐரிஷ் கனவான், பிரசங்கம் செய்வதற்கு வாக்குவன்மை அவசியமன்று என்பதைத் தம் திருவாயாலேயே நிரூபித்தவர். அயர்லாந்துக்கான அடக்குமுறை மசோதாவைத் தாமதப்படுத்த, 1875 ஏப்ரலில், அரசாங்க அறிக்கைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பாராயணம் பண்ணினார். குரல் தேய்ந்து, தமக்கு ஒன்றும் கேட்கவில்லையென்று சபாநாயகர் அலுத்துக்கொண்டபோது, அந்த நாசூக்கான சமிக்ஞையைச் சிறிதும் கிரகியாமல், புத்தக மூட்டையோடு அருகே நகர்ந்து, வேண்டுமானால் முதலிலிருந்தே தொடங்குவதாக விநயத்துடன் விண்ணப்பித்தாராம். சில நாட்களுக்குள், சபையில் அந்நியர் இருப்பதாக ஓர் அங்கத்தினர் சொன்னாலே பார்வையாளரை வெளியேற்றும் அன்றைய விதியின்படி, அவ்வாறே சொல்லி, மேல்மாடத்தில் வேடிக்கை பார்த்திருந்த பட்டத்து இளவரசரையே வெளியேறச் செய்தார். அதற்கு மட்டும் ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது.